ஆற்றைத் திருத்துவோர் ஆற்றைப் பார்க்கவும் வேண்டும்

சிதைந்த ஆறுகளையும் ஓடைகளையும் மீளமைத்தல் இன்று பல நாடுகளிலும் பெருஞ்செலவில் நடைபெறும் பணியாகிவிட்டது. நோக்கம் நன்றே. ஆயின், செய்த வேலை நிலைத்ததா என்று திரும்பிப் பார்ப்போர் எத்தனைபேர்? 2005ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, ஐக்கிய அமெரிக்காவின் 37,000க்கும் மேற்பட்ட ஆற்று மீளமைப்புத் திட்டங்களின் பதிவுகளைத் தொகுத்து நோக்கியது. அவற்றுள் ஏறத்தாழ 10 சதவீதமானவற்றிலேயே ஏதேனும் ஒருவகைக் கண்காணிப்பு நடந்தமைக்குக் குறிப்பிருந்தது. ஆண்டுதோறும் நூறு கோடி டொலருக்கு மேல் செலவிட்ட ஒரு துறையின் நிலை இது!

கலிபோர்ணியாவிலுள்ள உவாஸ் சிற்றாற்றை நோக்குவோம். கில்றோய் நகரருகே அதன் 0.9 கிலோமீற்றர் நீளப் பகுதி 1995 நவம்பரில் ஒழுங்கான வளைவுகளுடன் புதிதாக வெட்டியமைக்கப்பட்டது. 1996 பெப்ரவரி வெள்ளம் அதனை அழித்துச் சென்றது. கொண்டோல்வ் முதலானோர் பின்னர் அவ்வாற்றின் வரலாற்றை ஆராய்ந்து, அவ்விடத்தில் அது முன்னர் பல கிளைகளாகப் பின்னியோடிய ஆறு என்பதை 2001இல் எடுத்துக்காட்டினர். இத்தோல்வியை நாம் அறிவது, ஒருவர் திரும்பிச் சென்று பார்த்தமையாலேயே. எவரும் பாராத தோல்விகள் வெற்றிகளாகவே கணக்கில் நிற்கும்.

"அளவைக்குப் பணமில்லை" என்பது வழக்கமான சமாதானம். இன்று அது செல்லாது. ஓடைப் படுகையைப் பல கோணங்களிலிருந்து, ஒன்றையொன்று பெரிதும் மேவுமாறு, சாதாரண கமராவினால் ஒளிப்படமெடுத்தால், படங்களிற் பொதுவாகக் காணும் புள்ளிகளைக் கொண்டு கமரா நின்ற இடங்களையும் நிலத்தின் முப்பரிமாண வடிவையும் கணனி ஒருங்கே கணித்துவிடும். நிலத்தில் இட்டு அளந்த சில அடையாளங்கள் அவ்வடிவிற்கு உரிய அளவைத் தரும். வெஸ்ற்பி முதலானோர் 2012இல் இதனைப் புவியியல்சார் ஆய்வுகளுக்கேற்ற மலிவான முறையென விளக்கினர். நீண்ட கழியொன்றின் நுனியிற் கமராவைப் பொருத்தியும் இதனைச் செய்யலாம். வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் பெற்ற வடிவங்களை ஒப்பிட்டால், கரை எங்கே அரிந்தது, மணல் எங்கே படிந்தது என்பது புலனாகும்.

குறைகள் இல்லாமலில்லை. ஒளி முறிவினால் நீரடித்தரை உள்ளதைவிட மேலே தோன்றும். கலங்கல் நீரில் அது தோன்றாது. புல்லும் புதரும் நிலத்தை மறைக்கும். நீர் வற்றிய காலத்திற் படமெடுத்தல், ஆழமான இடங்களைக் கோலால் அளத்தல், வழுவின் அளவை வெளிப்படையாகக் கூறுதல் ஆகியன இக்குறைகளைக் குறைக்கும். நுண்மை போதாதென்று எதையுமே அளவாதிருத்தல், தராசிற் சிறு பிழையுண்டென்று கணக்கே எழுதாத வணிகனின் செயலை ஒக்கும்.

எனவே, பொதுப்பணத்தில் ஓர் ஓடையைத் திருத்துவோர், வேலைக்கு முன்னரும் பின்னரும், ஒவ்வொரு பெருவெள்ளத்தின் பின்னரும் அதனைப் படமெடுத்து அளத்தல் வேண்டும். அப்படங்கள் ஒப்பந்தகாரரின் பெட்டிக்குள் முடங்காது, கரையில் வாழும் மக்களும் மாணவரும் பார்க்கக் கிடைத்தல் வேண்டும். இதற்கு உடன்படாத திட்டத்திற்கு ஒரு சதமும் வழங்கலாகாது.