எளிமை சிறுமையன்று

கருநாடக இசைக் கச்சேரியில் தனியாவர்த்தனம் முடிந்ததும் அவையில் சிறு சலசலப்பு எழுவதுண்டு. முதன்மை உருப்படியோடு இசை நிறைவுற்றதாகக் கருதுவோர் இருக்கையை விட்டு எழுகின்றனர். அதன் பின்னரே சிந்து, சாவளி, தில்லானா முதலிய எளிய உருப்படிகள் ஒலிக்கின்றன. இவற்றைக் குறிக்கும் 'துக்கடா' என்னும் சொல்லுக்குத் துண்டு என்பதே பொருள். பெயரிலேயே குடிகொண்டுள்ள இந்த இளக்காரம் ஏற்கத்தக்கதன்று. கேட்க எளிதாக இருப்பதனாலேயே ஒரு பாடல் மதிப்பில் தாழ்ந்துவிடாது.

காவடிச்சிந்தையே சான்றாகக் கொள்ளலாம். காவடி சுமந்து முருகன் கோயிலுக்கு நடப்போரின் வழிநடைப் பாட்டு மரபில் பிறந்தது அது. தோளில் சுமை, எதிரே நெடுவழி. நடையின் களைப்பைத் தாளத்தின் துள்ளல் போக்கியது. அம்மரபிற்குச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், கழுகுமலை முருகன்மீது பாடிய சிந்துகளால் இலக்கியத் தகுதி அளித்தார். இப்பின்னணியை அறிந்தவர் செவிக்கு, அரங்கில் ஒலிக்கும் சந்தத்தில் அடியவரின் காலடியோசையும் கேட்கும்.

பெரும்புலவர்கள் எளிமையை இகழ்ந்ததில்லை. அம்மானை, பந்தாட்டம், ஊசல் ஆகியவற்றின் பாடல் வடிவங்களை இளங்கோவடிகள் தம் காப்பியத்தின் வாழ்த்துக் காதையில் அமைத்தார். கனமான கிருதிகளை இயற்றிய முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835), மேலை நாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்களை இயைத்து 'நோட்டுசுவரம்' படைத்தார். இங்கிலாந்து நாட்டு வாழ்த்தின் மெட்டும் அவர் கையில் தேவி துதியாயிற்று. சிறுவரும் பாடக்கூடிய அவ்வெளிய பாடல்களில் இரு பண்பாடுகள் சந்தித்த வரலாறு உறைந்துள்ளது.

கலைஞரின் கற்பனையாற்றல் இராக ஆலாபனையிலும் நிரவலிலுமே முழுமையாக வெளிப்படுகிறது என்பர் சிலர். அவற்றின் ஆழத்தை மறுப்பதற்கில்லை. எனினும், விரித்துரைப்பது ஓர் ஆற்றல் எனின், சில அடிகளுக்குள் இராகத்தின் சாயலைக் காட்டி உள்ளத்தைத் தொடுவது மற்றோர் ஆற்றல். பின்னதில் பிழையை மறைக்க இடமில்லை.

இம்மனப்பான்மையால் தமிழுக்கும் இழப்பு நேர்ந்தது. கச்சேரியின் இறுதிக்குத் தமிழ்ப் பாடல்கள் ஒதுக்கப்பட்ட நிலையை மாற்றவே தமிழிசை இயக்கம் போராடியது. 1943ஆம் ஆண்டில் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. தமிழ்ப் பாடல்களுக்குக் கச்சேரியின் நடுவிலும் உரிய இடம் வேண்டும் என்ற கோரிக்கை முற்றிலும் நியாயமானது. அதனோடு, இறுதியில் பாடப்படுவதைத் தாழ்வாக எண்ணும் மனமும் மாறவேண்டும்.

பாடுவோர் இவ்வுருப்படிகளை நேரம் நிரப்புவதற்காகப் பாடாமல், தேர்ந்து, பொருளுணர்ந்து பாடுதல் வேண்டும். கேட்போரும் அவை தோன்றிய மண்ணையும் மக்களையும் அறிந்து இறுதிவரை அமர்ந்து கேட்டல் வேண்டும். இசையின் இலக்கணம் அறியாத ஒருவரை முதன்முதலில் இசையின்பால் ஈர்ப்பவை பெரும்பாலும் இத்தகைய பாடல்களே. வாயிலை இகழ்ந்துவிட்டு மாளிகையைப் போற்றுவதில் பயனில்லை.