முதலில் பரிசோதனை, பிறகு எடை

வீடு தேடி வரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஆனால் அதற்குச் சற்று முன் எடுக்கப்பட்ட 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 10 சதவீதம்கூட இல்லை. இது வெட்கப்பட வேண்டிய நிலை.

உடல் பருமன், மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது; கருப்பைப் புற்றுநோய்க்கும் அப்படியே. பரிசோதனை அதிகம் தேவைப்படும் பெண்தான், "முதல்ல உடம்பைக் குறைம்மா" என்ற பேச்சுக்கு அஞ்சி ஒதுங்குகிறார். அதே மாவட்டத்து ஓசூர் ஆலையில் ஷிப்ட் பார்ப்பவர் என்றால், பரிசோதனைக்குப் போனால் ஒருநாள் கூலியும் போகும்.

ஆலை வளாகத்திலேயே முகாம், மறைவான இடம், உடலுக்குப் பொருந்தும் அங்கி, கன்னடமும் தெலுங்கும் பேசும் பெண் செவிலியர் ஆகியவற்றை மாவட்ட நிர்வாகம் உறுதிசெய்ய வேண்டும். எடையைப் பற்றி, அந்தப் பெண் கேட்டால் மட்டும், பிறகு பேசுங்கள்.