பழைய ராணுவ விமானங்களில் கட்டணப் பயணம்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ராமேஸ்வரத்தில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2025 மார்ச்சில் மாநில பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உச்சிப்புளியில் 2009 முதல் ஐஎன்எஸ் பருந்து என்ற பெயரில் இயங்கும் கடற்படைத் தளத்தைப் பயணிகள் விமானத்துக்கும் திறந்துவிட வேண்டும் என்ற கோரிக்கை அதற்கும் முந்தியது. விமானம் வந்தால் பின்னாலேயே சுற்றுலா விமானமும் வரும். தனுஷ்கோடியையும் பாம்பன் பாலத்தையும் மணல் திட்டுகளையும் மேலிருந்து பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? படையிலிருந்து ஓய்வுபெற்ற பழைய விமானத்தில் ஆளேற்றிச் சுற்றிக்காட்டும் யோசனையும் ஒருநாள் இங்கே வந்து சேரலாம்; வெளிநாடுகளில் அது நல்ல வியாபாரம். யோசனை டெண்டராக மாறும் முன்பே சொல்லிவிடுகிறோம்: இந்தக் கரையில் அப்படிப்பட்ட விமானத்தில் கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றுவதை எங்கள் சங்கம் எதிர்க்கிறது.

பழைய விமானங்கள்மீது எங்களுக்கு வெறுப்பு எதுவும் இல்லை. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் துருப்புகளைக் கொண்டுபோய் இறக்கிய டகோட்டாவின் எண், விபி 905. அதே எண்ணைத் தாங்கிய, பழுதுபார்த்துப் புதுப்பித்த டகோட்டா ஒன்று 2018-ல் விமானப்படையில் சேர்ந்தது. அது ராமேஸ்வரத்துக்கு மேலே பறந்தால் முதல் ஆளாகக் கடற்கரையில் நிற்போம். ஓட்டுவதும் பராமரிப்பதும் படையினர். உள்ளே டிக்கெட் வாங்கியவர் யாரும் இல்லை. இந்த ஏற்பாட்டில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. (2024 அக்டோபரில் சென்னை மெரினாவில் நடந்த விமான சாகசத்தைப் பார்க்கப் போய் ஐந்து பேர் இறந்தார்கள். விமானம் எதுவும் விழவில்லை. வெயிலும் கூட்டமும் போதுமானதாக இருந்தன. தரையில் குடிதண்ணீருக்கும் நிழலுக்கும் வழி செய்யாமல் இங்கே சாகச நிகழ்ச்சி நடத்துவதும் எங்களுக்குச் சம்மதமில்லை.)

எதிர்ப்புக்குக் காரணம் இரண்டு விபத்துகள். 2019 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து பி-17 குண்டுவீச்சு விமானம் 13 பேரோடு கிளம்பியது. சில நிமிடங்களிலேயே இன்ஜின் கோளாறு. திரும்பி இறங்க முயன்றபோது தரையில் மோதித் தீப்பிடித்தது. ஏழு பேர் இறந்தார்கள். இன்ஜினில் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோ ஒன்றின் இணைப்பைக் கம்பி வைத்து ஒட்டுப்போட்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. இரண்டு இன்ஜின்களில் கோளாறு இருந்தது. விமானத்தை இயக்கிய நிறுவனம் விதிவிலக்கு வாங்கித்தான் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. 2020 மார்ச்சில் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் அந்த விலக்கைப் பறித்தது.

இரண்டாவது, சுவிட்சர்லாந்து. 1939-ல் கட்டிய யுங்கர்ஸ் 52 ரக விமானம் அந்நாட்டு விமானப்படையில் பல பத்தாண்டுகள் உழைத்துவிட்டு, பிறகு சுற்றுலாவுக்கு வந்தது. 2018 ஆகஸ்ட் 4 அன்று ஆல்ப்ஸ் மலையில் விழுந்தது. 20 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஓட்டிய இருவரும் விமானப்படையில் பழுத்த அனுபவம் உள்ளவர்கள். பள்ளத்தாக்குக்குள் ஆபத்தான அளவு தாழப் பறந்ததுதான் காரணம் என்றது விசாரணை அறிக்கை. விமானத்தின் உலோகத்தில் விரிசலும் அரிப்பும் இருந்ததையும் அது எழுதிவைத்தது. விபத்துக்கு அவை காரணமில்லை. ஆனால் அதுவரை யார் கண்ணிலும் அவை படவில்லை. "ஓட்டுவது முன்னாள் படை விமானி, பயப்படாதீர்கள்" என்று இனி யாராவது சொன்னால் இந்த விபத்தை நினைவுபடுத்துவோம்.

அரிப்பைப் பற்றி எங்கள் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம், எத்தனையோ முறை செப்பனிட்டும், தூக்குப் பகுதி அரித்துப்போய் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தவைத்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். எண்பது வயது அலுமினியத் தகட்டையும் ஆணியையும் இந்த உப்புக்காற்றில் நிறுத்திவைத்துத் தினமும் பறக்கவிட்டால் என்ன ஆகும்? உதிரிபாகம் செய்த தொழிற்சாலைகளே பெரும்பாலும் இன்று கிடையாது.

பயணி தெரிந்தேதானே வருகிறார், கையெழுத்துப் போட்டுத்தானே ஏறுகிறார் என்பார்கள். பிரிட்டனில் இந்த முறை இருக்கிறது. விமானத்தின் பாதுகாப்புத் தரம் வழக்கமான பயணிகள் விமானத்துக்கு ஈடாகாது என்று சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டு ஸ்பிட்ஃபயரில் ஏற்றுகிறார்கள். அங்கே வருகிறவர் பல மாதம் முன்பே பதிவு செய்து, படித்துப் பார்த்து வரும் விமானப் பிரியர். இங்கே வரப்போகிறவர் யார்? அக்னி தீர்த்தத்தில் முழுகி, 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, ஈரத்துணியோடு குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் வெளியூர்க் குடும்பம். அவர் மொழியிலேயே அச்சடித்த தாளாக இருந்தாலும் மேக்னெட்டோவைப் பற்றி அவர் என்ன முடிவெடுப்பார்? 2022 அக்டோபரில் கேதார்நாத்தில் ஹெலிகாப்டர் விழுந்து ஏழு பேர் இறந்தார்களே, அவர்களில் மூன்று பேர் தமிழ்நாட்டிலிருந்து போன யாத்ரிகர்கள். அது பழைய ராணுவ விமானம்கூட இல்லை. யாத்திரைத் தலத்தில் கூட்டமும் அவசரமும் சேர்ந்தால் வழக்கமான ஹெலிகாப்டருக்கே அந்தக் கதி.

கடலில் விழுந்தால் முதலில் போய்ச் சேரப்போகிறவர்கள் எங்கள் மீனவர்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்ற முறை. ஆக எந்த நாளும் கடலில் ஆள் உண்டு. அவர்களைக் கேட்காமல் அவர்கள் தலைக்கு மேல் தாழப் பறக்கும் சுற்றுலா கூடாது. தனுஷ்கோடியில் 2025 ஜூனில் அறிவித்த பூநாரை சரணாலயமும் அதே வழியில்தான் இருக்கிறது. கூட்டமாகக் கிளம்பும் பூநாரைகளும் தாழப் பறக்கும் பழைய இன்ஜினும் சந்திக்க வேண்டாம்.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. கட்டணப் பயணத்துக்கு இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ வைத்திருக்கும் அனுமதியும் பறக்கும் தகுதிச் சான்றும் எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பாரம்பரியம் என்ற பெயரில் விலக்கு வேண்டாம். "நன்கொடை", "உறுப்பினர் சந்தா" என்று பெயர் மாற்றி வாங்கும் பணத்தையும் கட்டணமாகவே கணக்கிட வேண்டும். விபத்துக்குப் பிறகு சுவிட்சர்லாந்து வணிகப் பறப்பை நிறுத்தி, சங்க உறுப்பினர்களை மட்டும் ஏற்றலாம் என்றது. அந்தச் சந்து இங்கே திறக்கக் கூடாது. புதிய விமான நிலையத்தின் ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிட வேண்டும். பழைய விமானம் ஒன்றைக் கொண்டுவந்து தரையில் நிறுத்தி, பிள்ளைகள் ஏறிப் பார்க்கக் காட்சிக்கு வைப்பதாக இருந்தால், அதற்கு மண்டபம் பக்கம் இடம் தேடிக் கொடுக்கவும் கூட நின்று வேலை செய்யவும் எங்கள் சங்கம் தயார்.