பம்பர் தப்பியது, கழுத்து தப்பியதா?

சிக்னலில் சிவப்பு விளக்கு. கார் நிற்கிறது. பின்னால் வந்த கார் "டொக்" என்று முட்டுகிறது.

முட்டியவர் இறங்கி வருகிறார். பம்பரைத் தடவிப் பார்க்கிறார். "ஒண்ணும் ஆகலையே சார்! கீறல்கூட இல்லை. இதுக்குப் போய் சத்தம் போடறீங்களே!" என்கிறார். "விடுங்க சார், போங்க" என்று கூட்டமும் சொல்கிறது. பச்சை விளக்கு விழுகிறது. பஞ்சாயத்து முடிந்தது.

மறுநாள் காலையில்தான் வினை தெரிகிறது. முட்டுப்பட்டவருக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. "தலைகாணி சரியில்லை" என்கிறார்கள் வீட்டில். பாவம், தலைகாணி என்ன செய்யும்?

பாம்பு போல நெளிவு

மனிதனின் தலை சுமார் 5 கிலோ கனம். கழுத்தில் அதைத் தாங்குவது 7 சின்ன எலும்புகள். பின்னாலிருந்து இடி விழுந்ததும் சீட்டு முதுகை முன்னே தள்ளுகிறது. தலையோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. நடுவில் சிக்கிய கழுத்து பாம்பு போல நெளிகிறது. அடிக்கழுத்து பின்பக்கம் வளைகிறது. மேல்கழுத்து முன்பக்கம் மடங்குகிறது. அப்புறம்தான் தலை பின்னால் சாய்ந்து, மறுபடி முன்னால் வருகிறது.

அந்த நெளிவுக்கு ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே போதும். ஆள் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்!

1990-களில் ஜப்பானில் தாமாக முன்வந்தவர்களைச் சீட்டில் உட்காரவைத்து, மெல்ல முட்டி, எக்ஸ்ரே படமாகவே எடுத்துப் பார்த்தார்கள். வேகம் மணிக்கு 8 கிலோமீட்டருக்குள்தான். அதற்கே அடிக்கழுத்து எலும்புகள் வழக்கத்துக்கு மாறாகத் திரும்பின.

பம்பர் சாட்சியா?

கெட்டியான பம்பர் நசுங்காது. ஆனால் காரை முன்னே உதறிவிடும். அந்த உதறல் உள்ளே இருப்பவருக்கு! பம்பரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது சரியா?

எல்லா முட்டலிலும் காயம் வராது என்பது உண்மை. இல்லாத வலியைச் சொல்லிக் காசு கேட்பவர்களும் உண்டு. அதற்காக நிஜமாக வலிப்பவரைப் பொய்யர் என்பது நியாயமில்லை.

தூங்குவதற்கு அல்ல!

சீட்டின் மேலே இருக்கும் ஹெட்ரெஸ்ட் தூங்குவதற்கு வைத்த திண்டு அல்ல. தலையைத் தாங்கிப் பிடிக்க வைத்தது. அமெரிக்காவில் 1969 முதல் புதிய கார்களின் முன்சீட்டுக்கு அது கட்டாயம். அதன் மேல்விளிம்பு உச்சந்தலை உயரத்துக்கு வரவேண்டும். தலைக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பலர் அதைக் கழுத்தளவுக்கு இறக்கியே வைத்திருக்கிறார்கள். சரிசெய்ய அரை நிமிஷம் ஆகாது, காசும் செலவில்லை.

முட்டலுக்குப் பிறகு கை மரத்தாலோ, பலம் குறைந்தாலோ உடனே டாக்டரிடம் போகவேண்டும். எண்ணெய் போட்டு நீவிக்கொண்டு இருக்கக்கூடாது.

இனிமேல் சிக்னலில் முட்டியவர் பம்பரைத் தடவுமுன், "கழுத்து எப்படி இருக்கு சார்?" என்று கேட்கட்டும்.

பம்பர் கடையில் கிடைக்கும். கழுத்து கிடைக்குமா?