பாட்டனார் படமும் வெள்ளிக் கும்பாவும்

கோம்பையிலிருந்து ஒரு நேயர் கேட்கிறார்: "கூடத்துச் சுவரில் என் பாட்டனாரின் போட்டோ மாட்டியிருக்கிறது. கண்ணாடி போட்டிருக்கிறோம், வெயிலும் படுவதில்லை. ஆனாலும் வருஷத்துக்கு வருஷம் முகம் மஞ்சளித்து மறைகிறதே, ஏன்?"

ஐயா, அந்தப் படத்தில் இருப்பது மை அல்ல, சாக்ஷாத் வெள்ளி. வெள்ளி நைட்ரேட்டையும் பொட்டாசியம் புரோமைடையும் ஜெலாட்டின் கூழில் கலந்தால், வெள்ளி புரோமைடு என்ற வெளிர்மஞ்சள் உப்பு நுண்துகள்களாய்ப் பிறக்கிறது. 1871-ல் மாடக்ஸ் என்னும் ஆங்கிலேய வைத்தியர் காட்டிய வழி இது. ஒளி பட்ட துகளில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு வடு விழுகிறது. டெவலப்பரில் இட்டால் அத்துகள் முழுவதும் வெள்ளியாக மாறிக் கறுத்துவிடும். ஒளி படாத உப்பை ஹைப்போ கரைத்து நீக்கும். பிறகு அந்த ஹைப்போவும் போகும்படி ஓடும் ஜலத்தில் நெடுநேரம் கழுவ வேண்டும்.

இங்கேதான் வினை. கல்யாண வீட்டார் வாசலில் நின்று அவசரப்படுத்தினால் படக்காரர்தான் என்ன செய்வார்? கழுவாமல் தங்கிய ஹைப்போவில் கந்தகம் இருக்கிறது. அது வெள்ளியைப் பற்றி வெள்ளி ஸல்பைடாக மாற்றுகிறது. வீட்டு வெள்ளிக் கும்பா கறுப்பதும் இதனால்தான். பாத்திரத்தில் கறுப்பாய்த் தெரிவது, படத்தின் நுண்துகளில் மஞ்சட் பழுப்பாய்த் தெரிகிறது. மலையடிவாரத்துச் சாரல் ஈரம் சுவரில் ஊறினால் காரியம் இன்னும் துரிதமாகும்.

இதில் ஒரு வேடிக்கை. ஜெலாட்டின் மாட்டின் தோலிலும் எலும்பிலுமிருந்து வருவது. சில ஜெலாட்டினில் செய்த பிலிம் மட்டும் ஒளியைச் சட்டென்று உணர்வதேன் என்று கோடக் கம்பெனியின் ஷெப்பர்டு ஆராய்ந்தார். மாடு மேய்ந்த கடுகுச் செடியின் கந்தகச் சத்து இம்மியளவு அதில் தங்கியிருப்பதே காரணம் என்று 1925-ல் வெளியிட்டார். படத்தைப் பிடிக்க உதவுவதும் கந்தகம், அழிப்பதும் அதுவே!

நம் நாட்டிலும் இவ்வுப்பைப் பூசிப் பிலிம் செய்தோம். 1960-ல் ஏற்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், உதகமண்டலத்தின் தூசற்ற குளிர்காற்றில் 1967-ல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் பிலிமும் காகிதமும் எக்ஸ்-ரே பிலிமும் தந்தது. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது.

நேயர் செய்யவேண்டியது இது. படத்தை ஈரமற்ற உட்சுவருக்கு மாற்றுங்கள். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். இப்போது வீட்டில் கழுவிப் பார்க்கவும் வேண்டாம். முகம் தெரியும்போதே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். பரணில் பழைய நெகடிவ் இருக்கிறதா என்று தேடுங்கள். அகப்பட்டால், எக்ஸ்-ரே தாள்களோடு சேர்த்து, வெள்ளி பிரித்தெடுக்க வாங்குகிறவரிடம் போட்டுவிடாதீர்கள்.