மலையில் இடித்தால் வெருகலில் விதைக்கலாமா?

சித்திரை பிறந்ததும் நுவரெலியாவுக்குப் புறப்படுவோர் தொகை பெருகிவிடுகிறது. மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவியிற் படகோட்டம் என்று அங்கே வசந்த காலக் கொண்டாட்டங்கள் நடைபெறும். அவற்றின் படங்கள் பத்திரிகையில் வெளிவந்திருந்த ஒருநாள், வகுப்பிலே மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, வசந்தம் மலைக்கு மட்டுந்தானா? நம் ஈச்சிலம்பற்றுக்கு இல்லையா?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயினும் தக்க விடை உடனே நாவில் வரவில்லை. அவனும் நாமும் ஒரே பற்றைச் சேர்ந்தவர்கள். அவன் தந்தை வெருகல் ஆற்று நீரை நம்பி வயல் செய்பவர். ஆகவே அக்கேள்வியை விளையாட்டாகத் தள்ளிவிட மனம் இடங்கொடுக்கவில்லை.

வசந்தம் என்பது பனி உருகித் தளிர் விடும் குளிர்நாடுகளிற் பொருள் நிரம்பிய சொல். நமக்கோ காற்றே பருவம். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டு ஆண்டைப் பகுத்து வைத்தனர் நம் முன்னோர். வளிமண்டலவியல் திணைக்களமும் ஏறக்குறைய அவ்வழியே செல்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப் பெயர்ச்சிக் காலம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவப் பெயர்ச்சிக் காலம். அவற்றின் நடுவே இரண்டு இடைப்பருவங்கள். மார்ச்சும் ஏப்பிரலும் முதலாவது இடைப்பருவம். நுவரெலியா வசந்தம் என்று கொண்டாடுவது இந்த இடைப்பருவத்தைத்தான்.

இக்காலத்தில் எத்திசைக் காற்றுக்கும் வலுவில்லை. ஏப்பிரல் 5 ஆம் திகதியளவில் தீவின் தென்முனைக்கு நேர் உச்சியில் நிற்கும் சூரியன், நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, 11, 12 ஆம் திகதிகளில் நம் தலைக்கு மேல் வருகிறான். காலை முழுதும் நிலம் காய்கிறது. இருபுறத்துக் கடலிலிருந்தும் ஈரக்காற்று உள்நாட்டை நோக்கி நகர்ந்து, மலைச்சரிவில் முட்டி மேலே ஏறுகிறது. ஏறிய காற்றுக் குளிர்ந்து முகிலாகிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்து, இரவானதும் வானம் வெளுத்துவிடுகிறது. ஒரு தோட்டத்தில் வெள்ளம் ஓட, அடுத்த தோட்டத்திற் புழுதி பறக்கும். மின்னலால் உயிரிழப்பு மிகுதியும் நேரும் மாதங்களுள் ஏப்பிரல் ஒன்று என்பதை விடுமுறைக்கு மலையேறும் குடும்பங்கள் நினைவில் வைத்தல் நன்று.

மலைக் கமக்காரருக்கு இம்மழை உயிர் போன்றது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்பது மாணவர் அறிந்த கணக்கு. திருகோணமலையின் சராசரி 28 பாகை. அதிற் பன்னிரண்டைக் கழித்தால் நுவரெலியாவின் 16 பாகை வந்துவிடும். தையிலும் மாசியிலும் வானம் தெளிந்த இரவுகளில் அங்கே துகள் பனி படிந்து, உருளைக்கிழங்குச் செடியையும் தேயிலைத் தளிரையும் கருக்கிவிடுகிறது. பங்குனி, சித்திரை மழை விழுந்த பின்னரே தேயிலை மளமளவென்று துளிர்க்கும். கொழுந்துக் கூடை நிறைவது ஏப்பிரல், மே மாதங்களில்தான்.

மலைநாடு என்று ஒரே சொல்லால் நாம் கூறிவிடுகிறோம். உண்மையில் அதற்கு இரண்டு முகங்கள் உண்டு. மேற்கே அற்றன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவக்காற்றை நேர் நின்று ஏற்பது. வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரையும் கடக்கும். கிழக்கே பதுளை, வெலிமடை, பண்டாரவளை சேர்ந்த ஊவா, மலையின் முதுகுப்புறம். அங்குள்ள மரக்கறித் தோட்டக்காரர் சித்திரை மழையைக் கைநழுவ விட்டால், பின்னர் ஆவணி, புரட்டாதி வரை வறண்ட காற்றோடு போராட வேண்டும்.

அந்த வறண்ட காற்று நமக்குப் புதிதன்று. அதுவே நம்மூர்க் கச்சான். மேற்குச் சரிவில் ஈரத்தையெல்லாம் இறக்கிவிட்டு, மலையைத் தாண்டி இறங்குகையிற் சூடேறி, வைகாசி முதல் நம் வயல்களின் மேல் அனலாய் வீசுகிறது. இங்கேதான் ஒரு விந்தை. நம் நாற்றைக் கருக்கும் அதே காற்றுத்தான் வட்டவளையில் மழையாகி, மகாவலியிற் சேர்ந்து, 335 கிலோமீற்றர் ஓடும் அப்பேராறு கந்தக்காட்டருகே பிரிந்து வெருகலாறாகி வரும்போது, நம் சிறுபோகத்துக்குத் தண்ணீராகிறது. கச்சான் பலமாக வீசினால் நம்மவர் ஏசுவார்கள். வீசாவிட்டால் ஆறு வற்றும். கச்சானை இவ்வளவு காலமும் நாமும் ஏசியவர்கள்தாம்.

இனி விதைப்பின் கதைக்கு வருவோம். சில நாட்களின் முன் வெருகல் ஆற்றங்கரையில் ஒரு முதிய கமக்காரரைச் சந்தித்தோம். பாலம் இல்லாத காலத்திற் பாதையில் ஏறி ஆற்றைக் கடந்த அந்நாட்களிலேயே நமக்கு அறிமுகமானவர். தென்மேற்கு வானில் இரவிரவாக மின்னியதாகவும், ஆறு சற்றுக் கலங்கி ஏறியிருப்பதாகவும் சொன்னார். "அப்படியானால் விதைக்கலாமே?" என்றோம். அவர் நம்மைப் பார்த்த பார்வை, விடை தெரியாத மாணவனை நாம் பார்க்கும் பார்வையாகவே இருந்தது. "இது விருந்தாளித் தண்ணி, தம்பி. மூண்டு நாளில போயிடும். இதை நம்பி விதைச்சவன் ஆனி மாசத்தில வைக்கோலும் காணமாட்டான்" என்றார்.

அவர் கூற்றில் விஞ்ஞானம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இடைப்பருவ மழை சிதறிய மழை. அதன் பெரும்பகுதியை உலர்ந்த மண்ணே குடித்துவிடும். மிஞ்சியது ஆற்றில் இறங்கினாலும், கொத்மலை, விக்ரோறியா, ரந்தெனிகலை, ரந்தம்பை என்று 1980களின் நடுவிலிருந்து 1990 வரை எழுந்த அணைகள் அதனைத் தடுத்து நிறுத்திக்கொள்கின்றன. 1976 முதல் பொல்கொல்லையிலிருந்து ஒரு பங்கு சுரங்க வழியாக வடக்கே திரும்புகிறது. ஊவாவின் உமா ஓயா நீரிலும் ஒரு பகுதி, 2024 ஏப்பிரலில் திறக்கப்பட்ட திட்டத்தின் மூலம் தெற்கே போகிறது. ஆகவே சித்திரையில் வெருகல் கலங்குவது பெரும்பாலும் அணைகளுக்குக் கீழே, நக்கிள்ஸ் மலையின் கிழக்குச் சரிவிலிருந்து வரும் சிற்றாறுகளாலேயே ஆகும்.

ஆனாற் சிறுபோகத்துக்கு விதைக்கும் முடிவைச் சித்திரையிலேயே எடுத்தாக வேண்டும். தென்மேல் பருவமோ வைகாசி நடுவில் அல்லது இறுதியிலேதான் நிலைகொள்ளும். மழை வருமா என்று தெரியுமுன்னரே நெல்லை மண்ணிற் போட வேண்டிய இக்கட்டு இது. ஆதலின் ஆற்றைப் பார்ப்பதை விட அணையைப் பார்ப்பதே அறிவுடைமை. விக்ரோறியா 722, ரந்தெனிகலை 861 மில்லியன் கன மீற்றர் கொள்ளக்கூடியவை. சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் அவற்றின் அன்றைய இருப்பு எவ்வளவு என்று கேட்காமற் கலைந்து வருவோர் பலர். கேட்டால் அதிகாரிகள் சொல்லத்தான் செய்வார்கள். இருப்புக் குறைவெனில் முழுக்காணியையும் விதைக்காது, பத்தலகொட ஆராய்ச்சி நிலையம் தந்த மூன்று மாத நெல்லினத்தைக் கொண்டு மேட்டு வயலை விட்டுத் தாழ்வயலை மட்டும் செய்வதே தக்கது என்பது நம் கருத்து. 2016 இறுதியில் தொடங்கி 2017 வரை நீடித்த வறட்சியை அனுபவித்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மலையின் மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1830களுக்குப் பின் கோப்பிக்காகவும், கோப்பியை நோய் அழித்தபின் தேயிலைக்காகவும் காடு அழிக்கப்பட்டது. 5,000 அடிக்கு மேலுள்ள காட்டையாவது விட்டுவையுங்கள் என்று 1873 இல் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஹூக்கர் அறிவுறுத்தியிராவிட்டால், இன்று ஆற்றின் ஊற்றுக்கண்ணே எஞ்சியிராது. அப்படியிருந்தும், செங்குத்துச் சரிவிற் புதிதாய்க் கொத்திய தோட்டத்தின் மேற் சித்திரை இடிமழை விழும்போது மேல்மண் கரைந்தோடுகிறது. ரந்தம்பை நீர்த்தேக்கம் வண்டலால் தூர்ந்துவருவது அதனாலேயே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது தீவில் 600 பேருக்கு மேல் மாண்டனர். மலையிற் சரிவுகள் பெயர்ந்தன. இங்கே மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர், சேருவில, வெருகற் பகுதிகள் நீரில் மூழ்கின. 2006 இல் அதே மாவிலாற்றுக் கதவு மூடப்பட்டதும், போர் மூண்டு நம்மவர் ஊரை விட்டு ஓடியதும் மறக்கக்கூடியனவல்ல. தண்ணீர் இல்லையென்றும், தண்ணீர் மிகுந்ததென்றும் இருமுறை ஓடிய மக்கள் நாம்.

புயலிற் குலைந்த சரிவுகளிற் சித்திரை மழை வீழ்வதை மலையிலுள்ளோர் கவனத்தோடு நோக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கடந்தால் மண்சரிவுக்கான முதல் எச்சரிக்கை; 150 கடந்தால் வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலை. நமக்கோ அடுத்து நோக்க வேண்டியது பசிபிக் சமுத்திரம். அதன் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேல் மழை பெரும்பாலும் மெலிந்து, ஐப்பசி, கார்த்திகை மழை மிகுந்துவிடுகிறது. அத்தகைய ஆண்டிற் சிறுபோகத்தைச் சுருக்கிப் பெரும்போகத்துக்கு வரம்புகளை உயர்த்துவது பொருந்தும்.

மாணவனுக்கு மறுநாள் இவற்றையெல்லாம் சொன்னோம். "அப்படியென்றால் நம் வசந்தம் மலையிலிருந்து ஆற்றில் வருகிறது, ஐயா" என்றான். நேற்று மாலையும் தென்மேற்கே மின்னியது. பெரியவர் விதைநெல் மூட்டையை இன்னும் பரணிலிருந்து இறக்கவில்லை என்று கேள்வி.