யார் பக்கம் என்று கேட்காதீர்கள்

ஹட்டன், நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் இன்னும் பல குடும்பங்களுக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராதான் வீடு. அங்கே அப்பாவும் அம்மாவும் சண்டை பிடித்தால் பிள்ளை எங்கே போகும்? வெளியே மழை, குளிர். இஸ்தோப்பில் குந்தியிருந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்கும். விடிந்ததும், "நீ அப்பா பக்கமா, அம்மா பக்கமா?" என்று அந்தப் பிள்ளையிடமே கேட்கிறோம். நாலு வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? அம்மா கோபித்துக்கொண்டு பிறந்த தோட்டத்துக்குப் போனால், திரும்ப அழைத்துவரப் பிள்ளையையே தூது விடுகிறோம். இதைக் கொடுமை என்றே நான் சொல்வேன்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டுமல்ல, மனத்தை வதைப்பதையும் வன்முறை என்கிறது. பிள்ளை யாரோடு வசிக்கிறதோ அந்த அப்பாயியோ அம்மாயியோகூட, அதன் சார்பில் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். லயத்தில் இருப்பவர்களுக்கு இதை யார் சொன்னார்கள்? பிள்ளை மடுவத்து ஆயாவுக்கு முதலில் சொல்லுங்கள். சோறு தின்னாமல் மூலையில் ஒதுங்கும் பிள்ளையை முதலில் காண்பவர் அவர்தான். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தை மடுவத்துச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.